நாரைக்கு நூறு ஏரி, நத்தைக்கு ஒரு குன்று

சிங்கப்பெருமாள் கோவில் கூட்டுரோட்டில் கிளம்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலை இருபத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். ஷிப்டு மாறும் நேரமென்றால் கம்பெனி பஸ்களின் வரிசை. மற்ற நேரங்களில் கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிய டிரெய்லர்களும். 2010-இல் ரெனோ-நிசான் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. டைம்லரின் லாரிகளும் ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள்களும் அடுத்தடுத்து வந்தன. இத்தனை காம்பவுண்டு சுவர்களுக்கு நடுவே பழைய நிலத்தில் மிஞ்சியிருப்பவை ஏரிகளும் குன்றுகளும்தான். ரயிலில் செங்கல்பட்டை நெருங்கும்போது ஜன்னலோரம் விரியும் கொளவாய் ஏரியிலிருந்து, தொழிற்சாலைச் சுவரோரம் ஒடுங்கிக் கிடக்கும் பெயர் தெரியாத தாங்கல்கள் வரை, மழைக்குப் பிறகு எங்கே தண்ணீர் நின்றாலும் கொக்கும் நாரையும் வந்து நிற்கும். பயணிக்கு அது ஓர் ஆறுதல். பறவை வருகிறதே, ஊர் இன்னும் கெட்டுவிடவில்லை என்று சொல்லிக்கொண்டு கடந்துவிடலாம். அந்த ஆறுதலை நம்பக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஏரியில் நிற்கும் நாரை ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். பக்கத்துக் குன்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. குன்றின் நலத்தை விசாரிக்க வேறொரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி எப்படிப்பட்டது என்பதை, கடல் தாண்டி மலேசியாவில் அழிந்துபோன ஒரு நத்தை தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் நாரை. இந்த வட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் எளிதில் கண்ணில் படுவது நத்தைகுத்தி நாரை. சாம்பல் படிந்த வெள்ளை உடல், கறுத்த இறக்கை ஓரம், தடித்த அலகு. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி விழும். எதிர்ப்பக்க வெளிச்சத்தில் பார்த்தால் அதன் வழியே வானம் தெரியும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வருகிறது. இதைக் கண்ட பழைய இயற்கையியலாளர்கள் சிலர், நத்தையை இடுக்கி நொறுக்கும் பாக்குவெட்டி என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் நாரை ஓட்டை உடைப்பதே அபூர்வம். தண்ணீருக்கடியிலேயே நத்தையை அழுத்திப் பிடித்து, கீழலகின் கூர்நுனியை மூடிக்கு அடியில் நுழைத்து, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, சதையை முழுசாக உருவிவிடும். சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டான், கண்ணைக் கட்டிய ஒரு பழகிய பறவைக்கு நீருக்கடியில் நத்தையைக் கொடுத்துப் பார்த்த சோதனையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். கண் தெரியாமலே அது நத்தையை எடுத்துத் தின்றது. முழு நுட்பத்தையும் பிலிப் கால் என்ற ஆய்வாளர் 1971-இல் விளக்கினார். ஒரு பறவையின் அலகுக்கு நூறாண்டுக்கும் மேலாக இத்தனை கவனம் கிடைத்திருக்கிறது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பறவைக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையம் மாட்டிய நத்தைகுத்தி நாரை எண்ணூறு கிலோமீட்டர் கிழக்கே கிடைத்திருக்கிறது. தாய்லாந்தில் வளையம் மாட்டியது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் மேற்கே வங்கதேசத்தில் அகப்பட்டது. ஒரு காலத்தில் தாய்லாந்தில் இந்த இனம் பெரிய அளவில் கூடு கட்டிய இடம் பாங்காக் அருகே வாட் பாய் லோம் என்ற பௌத்தக் கோயிலின் மரங்களில்தான். பிக்குகளின் நிழலில் அது பிழைத்துக் கிடந்தது. பிறகு தென்னமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தை தென்கிழக்காசிய வயல்களில் புகுந்தது. விவசாயிக்கு அது பெரும் தொல்லை, நாரைக்கோ முடிவில்லாத விருந்து. கூட்டம் பெருகித் தெற்கே நகர்ந்தது. 2013-இல் தீபகற்ப மலேசியாவின் தென்கோடியிலும் சிங்கப்பூரிலும் நத்தைகுத்தி நாரைகள் திரளாக இறங்கியபோது அங்கிருந்த பறவை ஆர்வலர்கள் வியந்துபோனார்கள். ஆக, நாரை பெருகுவது நிலம் நலமாக இருப்பதற்கான சான்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில நேரங்களில் நிலம் கெட்டதற்கான சான்றாகவும் அது இருக்கலாம்.

மறு ஆண்டு, அதாவது 2014-இல், அதே மலேசியாவைப் பற்றி இன்னொரு செய்தி வந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் செம்பட்டியலில் பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம் என்ற நிலநத்தையை 'அழிந்தது' என்று பதிந்தது. சில மில்லிமீட்டர் மட்டுமே உள்ள நத்தை அது. டச்சு நத்தையியலாளர் வான் பெந்தம் யுட்டிங் அம்மையார் 1952-இல் அதற்குப் பெயர் வைத்தார். பஹாங் மாநிலத்தில் குவாந்தான் நகருக்கு மேற்கே இருந்த புக்கிட் பஞ்சிங் என்ற ஒரே ஒரு சுண்ணாம்புக்கல் குன்றைத் தவிர வேறெங்கும் அது கிடைத்ததில்லை. அந்தக் குன்றில் கல் எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்து எடுத்து, குன்றே இல்லாமல் போனது. நத்தையை யாரும் வேட்டையாடவில்லை, விஷம் வைக்கவில்லை. அது இருந்த இடம் லாரியில் ஏறிப் போயிற்று, அவ்வளவுதான். அதே பஞ்சிங் வட்டாரத்தில் சாரா குகை என்றொரு சுண்ணாம்புக்கல் குன்றின் குகைக்குள் சயனத் திருக்கோலத்தில் பெரிய புத்தர் சிலை இருக்கிறது. அந்தக் குன்று இன்றும் நிற்கிறது. தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பத்துமலை. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானோர் ஏறும் அந்தக் குன்றின் ஓரத்திலும் ஒருகாலத்தில் கல் உடைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அது நின்றது. அங்கு மட்டுமே வாழ்வதாக அறியப்பட்ட ஒரு பொறிக்கதவுச் சிலந்தி அதனால் பிழைத்தது. முருகனுக்காகக் காப்பாற்றிய இருட்டில் சிலந்தியும் தங்கிக்கொண்டது.

இப்போது சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்பலாம். பாடலாத்ரி நரசிம்மரின் சந்நிதி பாறையைக் குடைந்து எடுத்தது. மூலவர் குன்றோடு குன்றாக இருப்பதால் அவரை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்ற வேண்டும். அந்தச் சுற்றுப்பாதையில், குன்றின் பின்புறம், பிள்ளை வரமும் கல்யாண வரமும் கேட்டு வேண்டிக்கொள்ளும் அழிஞ்சில் மரம் இருக்கிறது. ஒரகடம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் ஆப்பூர் மலை, ஔஷதகிரி என்று பெயர். உச்சியில் வெங்கடேசப் பெருமாள், சரிவெல்லாம் புதர்க்காடு. பெருமாள் இல்லாத குன்றுகளின் கதை வேறு. பல்லாவரமும் திரிசூலமும் ஜல்லியாகிச் சென்னையின் சுவர்களுக்குள் போய்விட்டன. சிக்கராயபுரத்தில் மலை இருந்த இடத்தில் ஆழமான கிடங்குகள். 2017 வறட்சியில் அவற்றில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்தக் கிடங்கு நீரிலும் நீர்க்காகம் இறங்கும், கொக்கு நிற்கும். புகைப்படம் எடுத்தால் அழகாகவே இருக்கும். அந்தக் குன்றின் பாறைப் பிளவுகளில் முன்பு என்ன ஊர்ந்தது என்று அந்தப் படம் சொல்லாது.

பாறைப் பிளவில் ஊரும் உயிருக்குக் காலக்கணக்கும் தூரக்கணக்கும் வேறு. நம் சமவெளிப் புதர்க்காட்டில் வாழும் நிலநத்தை, கோடை வந்ததும் பிளவிலோ சருகுக்கு அடியிலோ மரப்பட்டையிலோ ஒட்டிக்கொண்டு, ஓட்டின் வாயைத் தன் கோழையாலேயே மெல்லிய படலமாக அடைத்துவிட்டு உறங்கிவிடும். ஐப்பசி மழை விழுந்தால் எழுந்து, ஈரம் இருக்கும் வரை மேய்ந்து, முட்டையிட்டு, மறுபடியும் அடைத்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க அது நகரும் தூரத்தை நாரை ஒரு இறக்கை அடியில் தாண்டிவிடும். குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் நடுவே ஆறுவழிச் சாலையும் கான்கிரீட் முற்றமும் வந்துவிட்டால், நத்தைக்கு அது கடல். ஏரி வற்றினால் நாரை வேடந்தாங்கலுக்குப் போகும், அங்கும் வற்றினால் பழவேற்காட்டுக்கோ அதற்கு அப்பாலோ போகும். குன்று போனால் நத்தைக்குப் போக்கிடம் இல்லை. நாரையின் இருப்பு நூறு ஏரிகளின் சராசரியைக் காட்டுகிறது. நத்தையின் இருப்புதான் இந்த ஒரு இடத்தின் கணக்கு.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. மலேசியக் குன்றுகள் சுண்ணாம்புக்கல். நத்தை ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்பு அங்கே கொட்டிக் கிடக்கிறது. மழைக்காட்டுக்கு நடுவே ஒவ்வொரு குன்றும் தனித்தீவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் நின்றதால், குன்றுக்கொரு நத்தை உருவானது. செங்கல்பட்டுப் பக்கத்துப் பாறைகள் அப்படியல்ல, சுண்ணாம்பும் குறைவு. சமவெளியில் பரவலாகக் காணும் நத்தைகளான கிரிப்டோசோனா, ட்ராக்கியா போன்றவை ஒரு குன்றுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு குன்று போனால் ஓர் இனமே போய்விடும் என்று இங்கே சொல்வது மிகை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வாதம், இந்தக் குன்றில் உலகில் வேறெங்கும் இல்லாத நத்தை இருக்கிறது என்பதல்ல. இருந்திருந்தால் நமக்குத் தெரிய வந்திருக்குமா என்பதே. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலநத்தை இனங்கள் பதிவாகியுள்ளன. பிளான்ஃபோர்டு, காட்வின்-ஆஸ்டின், கூட் ஆகியோர் 1908-க்கும் 1921-க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக எழுதியவைதான் இன்றைக்கும் அடிப்படை நூல்கள். செம்பட்டியலில் இந்திய நிலநத்தைகளில் பெரும்பாலானவை மதிப்பிடப்படவே இல்லை. வேடந்தாங்கலில் எந்த இனப் பறவை எந்த வாரம் வந்தது என்பதற்குப் பல பத்தாண்டுக் கணக்கு உண்டு. ஆப்பூர் மலைச் சருகுக்கு அப்படியொரு கணக்குப் புத்தகம் எங்கே?

பறவையும்தானே அழிகிறது என்பது அடுத்த மறுப்பு. அழிகிறது. மெல்லலகு கோட்டான் என்று சொல்லத்தக்க கரையோரப் பறவை ஒன்று சைபீரியப் பக்கமிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை வலசை போய்க்கொண்டிருந்தது. மொராக்கோவின் மெர்ஜா ஸெர்காவில் 1995 பிப்ரவரியில் கடைசியாக உறுதியாகப் பார்த்தார்கள். அதன் பிறகு நாடு நாடாகத் தேடினார்கள். அருங்காட்சியகத் தோல்களின் இறகுகளைச் சோதித்து அது எங்கே கூடு கட்டியது என்று கண்டுபிடிக்க முயன்றார்கள். இன்னும் உயிரோடிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று புள்ளியியல் கணக்குப் போட்டு 2024-இல் ஆய்வேடு வந்தது. 2025 அக்டோபரில்தான் அழிந்ததாக அறிவித்தார்கள். முப்பதாண்டுத் துக்கம், முறையான மரணச் சான்றிதழ். பறவையும் நத்தையும் சமமாக அழியலாம். ஆனால் அழிவு பதிவாகும் விதத்தில் சமமே இல்லை. 2015-இல் ரெஞ்யே, புஷே முதலான ஆய்வாளர்கள் உலகெங்குமிருந்து குலுக்கல் முறையில் பொறுக்கிய இருநூறு நிலநத்தை இனங்களை எடுத்துக்கொண்டு, அந்தந்த வகையை அறிந்த வல்லுநர்களைக் கேட்டும் சேகரிப்புப் பதிவுகளைப் பார்த்தும் சோதித்தார்கள். சுமார் பத்தில் ஒன்று ஏற்கெனவே அழிந்திருக்கும் என்று கணக்கு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை எந்த அதிகாரபூர்வப் பட்டியலிலும் அழிந்ததாக இல்லை. இறந்தவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருப்பது நமக்குப் பழகிய விஷயம்தான். இங்கே பெயரே பட்டியலில் ஏறாமல் செத்தவை அதிகம்.

நத்தை என்றாலே தோட்டக்காரருக்கு எரிச்சல், அதையா காப்பாற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் நினைப்பது ஆப்பிரிக்கப் பெருநத்தையை. மழைக்காலத்தில் முருங்கையையும் பப்பாளியையும் மொய்த்து நிற்கும் அது நம்மூர் உயிரே அல்ல. வில்லியம் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் 1847-இல் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவின் சௌரிங்கித் தோட்டம் ஒன்றில் விட்டார். அங்கிருந்து நாடெங்கும் பரவியது. இதே பெருநத்தை 1936-இல் ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை ஒழிக்க 1955-இல் ஃபுளோரிடாவிலிருந்து நத்தை தின்னும் ஓநாய் நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி போடும் ஹவாயின் மரநத்தைகளைத் தேடித் தின்றது. அகாட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்ற இனத்தின் கடைசி நத்தைக்கு ஜார்ஜ் என்று பெயர். ஆய்வகக் கூண்டில் பதினான்கு ஆண்டு வாழ்ந்து 2019 புத்தாண்டு நாளில் செத்தது. நத்தைக்கு நத்தை வேறுபாடு தெரியாமல் செய்த வேலையின் விலை அது. நாரை விஷயத்தில் யாரும் இப்படிக் குழப்பிக்கொள்வதில்லை. கொக்கு வேறு, அரிவாள் மூக்கன் வேறு என்று இங்கே ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும்.

அழிந்ததென்று அறிவித்தவை திரும்பவும் கிடைக்கின்றனவே என்று நம்பிக்கையோடு கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் அல்டாப்ரா தீவில் வரிகள் கொண்ட ஒரு நிலநத்தை பருவநிலை மாற்றத்தால் அழிந்துவிட்டதாக 2007-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. 2014 ஆகஸ்டில் அதே தீவின் புதருக்குள் அது உயிரோடு கிடைத்தது. நத்தை கிடைத்ததற்குக் காரணம், தீவு அங்கேயே இருந்தது. புதரும் இருந்தது, தேட ஓர் இடம் இருந்தது. பஞ்சிங்கில் தேடப் போகிறவருக்குக் குன்று இல்லை.

பறவையைக் காத்தால் மற்றதெல்லாம் தானாகக் காக்கப்படும் என்று சூழலியலில் ஒரு வழக்கமான 'குடை' வாதம் உண்டு. வேடந்தாங்கல் அதற்கு நல்ல உதாரணமாகக் காட்டப்படும். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் போய் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குக் கௌல் என்ற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாயின. ஊரார் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவையைக் காத்ததற்குப் பின்னால் அன்பும் உண்டு, கணக்கும் உண்டு: எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்தக் குடை ஏரியை மூடியது. ஏரியிலிருந்து தள்ளி நிற்கும் கரட்டுக்கும் மேய்க்கால் புறம்போக்குக்கும் அந்தக் குடை எட்டாது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது ஏரியை விட்டுவிடுவதில் கொஞ்சமாவது கவனம் இருக்கும். புதர் மண்டிய மேடு வருவாய்க் கணக்கில் தரிசு. நத்தையால் யாருக்கும் உரம் கிடையாது, திருவிழாவும் கிடையாது. வனவிலங்குச் சட்ட அட்டவணைகளில் 2001-இல் சங்கினத்துக்கு இடம் கிடைத்தபோதும், கிடைத்தது அலங்காரக் கடைக்குப் போகும் கடற்சங்குகளுக்குத்தான்.

தொழிற்சாலையே வேண்டாமென்கிறீர்களா என்பது கடைசிக் கேள்வி. இல்லை. அந்தக் கம்பெனி பஸ்களில் உட்கார்ந்திருப்பவர்கள் வானம் பார்த்த பூமியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்குப் பதில் நத்தை என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது, மலையை வெடிவைக்கும் முன் செய்யும் ஆய்வைச் சரியான மாதத்தில் செய்யுங்கள் என்பதை. சுரங்கக் குத்தகைகளுக்கு ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தரும் வழக்கமான ஆய்வு வரம்பில், காற்று, நீர், மண்ணோடு தாவரங்கள், விலங்குகள் பற்றிய தகவலையும் மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் திரட்டினால் போதும் என்று இருக்கிறது. மார்ச் முதல் மே வரை கோடை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்குப் பிந்திய பருவம் என்று அதிலேயே பிரித்தும் வைத்திருக்கிறார்கள். டெல்லியின் நாட்காட்டி அது. சிங்கப்பெருமாள் கோவிலில் அக்டோபரும் நவம்பரும்தான் அசல் மழைக்காலம். ஆகவே ஆய்வுக்காரர் அக்டோபரைத் தேர்ந்தெடுத்தால் விதி மீறாமலேயே நத்தைகள் விழித்திருக்கும் காலத்தில் வருவார். ஏப்ரலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் வாயடைத்து உறங்கும் நேரத்தில் வந்து, ஏரியோரம் நின்று கொக்கையும் நாரையையும் எண்ணிவிட்டுப் போவார். இரண்டு அறிக்கைகளும் சட்டப்படி செல்லும். தமிழ்நாட்டுக்கு மட்டும் வடகிழக்குப் பருவமழையில் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதில் எந்தத் தொழிற்சாலையும் நின்றுவிடாது.

பார்க்கும் வேலையும் அப்படியொன்றும் பெரிதில்லை. மலேசியச் சுண்ணாம்புக் குன்றுகளில் ஆய்வாளர்கள் செய்வது இதுதான்: பாறை அடிவாரத்து மண்ணையும் சருகையும் அள்ளி, சல்லடையில் சலித்து, பக்கெட் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறார்கள். காற்று நிறைந்த வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். வடிகட்டி உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் எண்ணுகிறார்கள். சுண்ணாம்பு குறைந்த நம் மண்ணில் செத்த ஓடு நெடுநாள் நிற்காது என்பதால், இங்கே பக்கெட்டை மட்டும் நம்பாமல், மழை பெய்த இரவுகளில் டார்ச் அடித்துப் பாறையிலும் மரத்திலும் உயிருள்ளவற்றையும் தேட வேண்டியிருக்கும். பாடலாத்ரியின் சுற்றுப்பாதை, ஆப்பூர் மலைச் சரிவு, கல் எடுக்க ஏலம் போகவிருக்கும் ஏதாவது ஒரு குன்று என்று மூன்று இடங்களில் இதைச் செய்து பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கட்டுரையின் வாதமும் சோதனைக்கு வந்துவிடும். மூன்றும் ஒன்றேபோல் இருந்தால், குன்றுக்குக் குன்று வேறுபாடு பெரிதில்லை என்று மறுப்பாளர் சொன்னது சரியாக இருக்கக்கூடும். வேறுபட்டால், ஏலத்துக்கு முன் மூன்றாவது குன்றுக்கு இன்னொரு மழைக்காலம் கொடுக்கக் காரணம் கிடைக்கும்.